வாசகர் கேள்வி: பாகப்பத்திரத்தில் எழுதிய துப்பாக்கி

வருவாய்த்துறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். அதில் ஆறு வருஷம் நாகர்கோவிலில் துப்பாக்கி லைசென்ஸ் கோப்புகளோடு கழிந்தது. போன இதழில் ஒருவர் பட்டா பற்றிக் கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில், "அப்பாவின் துப்பாக்கியையும் இப்படித்தான் பெயர் மாற்ற வேண்டுமா?" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். "துப்பாக்கிக்குப் பெயர் மாற்றம் கிடையாது, முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள்" என்று நானும் ஒரு வரியில் முடித்துவிட்டேன். அது பலரைக் கலக்கிவிட்டது போலிருக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். மலையோரத்தில் இத்தனை வீட்டு மச்சில் துப்பாக்கி இருக்கிறதா என்று என் மனைவி கேட்டாள். இருக்கிறது. அதனால் பட்டா கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுக்க வேண்டும்.

கேள்வி: அப்பா போன ஆவணியில் இறந்துவிட்டார். பன்றித் தொல்லைக்காக அந்தக் காலத்தில் லைசென்ஸ் எடுத்து வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி வீட்டு மச்சில் இருக்கிறது. ஒரு பிஸ்கட் டப்பாவில் பதினொரு தோட்டாவும் கிடக்கிறது. பாகப்பத்திரத்தில் "தேக்கு மேசை ஒன்று, துப்பாக்கி ஒன்று" என்று தம்பி பெயரில் எழுதிப் பதிவு செய்தாயிற்று. தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். லைசென்ஸில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருக்கிறது. அதற்குள் பெயர் மாற்றினால் போதுமா?
(ஒரு வாசகி, குலசேகரம்)

பதில்: போதாது, அம்மா. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் நடந்ததுதான் பத்தில் எட்டு வீட்டில் நடக்கிறது.

துப்பாக்கி சொத்துதான். அதைப் பாகத்தில் எழுதியது தப்பில்லை. ஆனால் லைசென்ஸ் சொத்து இல்லை. அது உங்கள் அப்பா என்ற ஒரு ஆளுக்கு, அவரை விசாரித்து, அவர் குணத்தையும் தேவையையும் பார்த்துக் கொடுத்தது. அவர் கண்ணை மூடிய அன்றைக்கே அதுவும் முடிந்தது. மேலே அச்சடித்த தேதி 2 வருஷம் தள்ளி இருந்தாலும் அதனால் யாருக்கும் பிரயோஜனமில்லை. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்து கொடுப்பார். துப்பாக்கியை வைத்துக்கொள்ளும் உரிமையை அவரால் கொடுக்க முடியாது. தேக்கு மேசை தம்பிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. துப்பாக்கி இன்னும் சேரவில்லை.

சரி, இப்போது அது யார் கையில் இருக்கிறது? சட்டத்தின் கண்ணில் உங்கள் கையிலும் அம்மா கையிலும். 1959-ஆம் வருஷத்துப் படைக்கலச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, எந்தக் காரணத்தாலானாலும் ஒருவர் துப்பாக்கியை வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போய்விட்டால், வீண் தாமதம் செய்யாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது. தோட்டாவும் இதில் சேர்த்தி. அந்த பிஸ்கட் டப்பாவை மறந்துவிடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 25-ஆம் பிரிவு வரும். 2019-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு அதற்குக் குறைந்தது 2 வருஷம், கூடினால் 5 வருஷம் சிறை. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. சாவு வீட்டில் மறுநாளே வந்து யாரும் கைவிலங்கு போடமாட்டார்கள். ஆனால் ஒரு வருஷம் கழித்து, "தெரியாமல் இருந்துவிட்டோம்" என்று சொல்லும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர் நல்லவராக இருக்க வேண்டும். அது உங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடிக்காதீர்கள். லைசென்ஸ்காரர் உயிரோடு இருந்தால் அவர் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு இன்னொருவர் ரிப்பேருக்கோ புதுப்பிக்கவோ கொண்டுபோகலாம். அவர் இல்லாதபோது அந்த வழி அடைபட்டுவிடுகிறது. அதனால் முதலில் கடிதம். இன்ஸ்பெக்டர் பெயருக்கு ஒரு வெள்ளைத்தாளில், அப்பா பெயர், இறந்த தேதி, லைசென்ஸ் எண், அதில் உள்ள தனி அடையாள எண், துப்பாக்கியின் வகையும் அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணும், தோட்டா எத்தனை, இவற்றை எழுதி, "ஒப்படைக்கத் தயாராக இருக்கிறோம், வந்து எடுத்துச் செல்லவோ நாங்கள் கொண்டுவர நாள் சொல்லவோ வேண்டுகிறோம்" என்று முடியுங்கள். இறப்புச் சான்றிதழ் நகலையும் லைசென்ஸ் நகலையும் இணைத்து, இன்னொரு பிரதியை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். நம் மாவட்டத்தில் லைசென்ஸ் அதிகாரி அவர்தான். ஸ்டேஷனில் கொடுக்கும் பிரதிக்கு ரைட்டரிடம் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பதிவேட்டில் ஏற்றியதற்கான ரசீது, கேளுங்கள். "அதெல்லாம் எதுக்கும்மா" என்பார்கள். சிரித்துக்கொண்டே கேளுங்கள். தரவில்லையென்றால் அதே கடிதத்தை ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பிவிடுங்கள்.

குழலில் தோட்டா இருக்கிறதா என்று விசையை இழுத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். பழக்கம் இல்லாதவர்கள் தொடாமல், குழல் சுவரைப் பார்த்திருக்கும்படி கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். மச்சுக்குப் பூட்டுப் போடுங்கள்.

ரசீதுக்கு இவர் ஏன் இத்தனை அழுத்தம் கொடுக்கிறார் என்று தோன்றும். என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அம்மாவின் அண்ணன், எனக்கு மாமா, விளவங்கோடு பக்கம் பத்து ஏக்கர் விளையும் (எங்கள் ஊரில் தோட்டத்துக்கு அதுதான் பெயர்) ஒரு துப்பாக்கியுமாக வாழ்ந்தவர். அவர் காலமானபோது நான் அந்த செக்‌ஷனை விட்டு வேறு இடத்துக்கு மாறியிருந்தேன். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்திருந்த ஒரு போலீஸ்காரரிடம் மாமி, "சாரே, அந்த சாதனத்தை எடுத்துட்டுப் போயிருங்க, எனக்கு அதைக் கண்டாலே பேடியா இருக்கு" என்று சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "வந்து எடுத்துக்கிடுதோம் அம்மா" என்றார் அவர். நானும் அடைப் பிரதமனைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆறு வருஷம் அதே கோப்புகளைப் பார்த்தவனுக்கு, "எழுதிக் கொடுத்தீர்களா?" என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் கழித்துத் தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ்காரர்களிடம் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்களே, அந்தப் பட்டியலில் மாமா பெயரும் இருந்தது. செத்தவருக்கு நோட்டீஸ். வந்த அதிகாரி புதியவர். மாமி சொன்ன போலீஸ்காரர் எங்கேயோ மாற்றலாகிப் போயிருந்தார். "சொன்னோம்" என்றாள் மாமி. "எதில் சொன்னீங்க?" என்று கேட்டார் அவர். அவர் கேட்டது நியாயம்தான். மாமியின் மகன் என்னைப் பார்த்து, "மச்சான், நீங்க அந்த ஆபீஸ்ல இருந்த ஆளுல்லா?" என்றான். அந்த ஒரு வார்த்தை இன்றைக்கும் குத்துகிறது. விளக்கம் எழுதி, விசாரணை நடந்து, கேஸ் இல்லாமல் முடிய எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் மாமி எத்தனை தடவை ஸ்டேஷன் திண்ணையில் போய் உட்கார்ந்தாள் என்று எண்ணவில்லை.

இனி உங்கள் தம்பி விஷயம். ஒப்படைத்ததால் துப்பாக்கி போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஒப்படைத்தவரோ வாரிசோ, லைசென்ஸ் கிடைத்தபின் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வேண்டாமென்றால் லைசென்ஸ் உள்ள ஒருவருக்கோ வியாபாரிக்கோ விற்றுக்கொள்ளலாம். இரண்டும் செய்யாமல் குறித்த காலத்துக்கு மேல் விட்டுவிட்டால்தான் அரசு எடுத்துக்கொள்ளும். அப்போதும் 30 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பிவிட்டுத்தான். 2016-ஆம் வருஷத்துப் படைக்கல விதிகளில் 25-ஆம் விதி வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்க இடம் தருகிறது. தம்பி தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், நீங்களும் அம்மாவும் ஆட்சேபனை இல்லை என்று எழுதும் கடிதம் எல்லாம் வேண்டும். பாகப்பத்திரத்தையும் இணைக்கலாம், அது அங்கேதான் உதவும். உடல், மனநலச் சான்றும், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். போலீஸ் அறிக்கை போனபிறகுதான் முடிவு. மஸ்கட்டில் இருப்பவருக்கு விசாரணை எப்படி நடக்கும், யாருடைய பாதுகாப்புக்கு இந்தத் துப்பாக்கி என்று ஆபீஸில் கேட்பார்கள். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். நீங்களே விண்ணப்பித்தால் என்ன? உங்களுக்கு 21 வயது ஆகியிருந்தால் சட்டத்தில் தடை இல்லை. மகளும் வாரிசுதானே.

கேள்வி: எனக்கு வயது 74. ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் ஒற்றைக் குழல் துப்பாக்கியை நான் இருக்கும்போதே மகனுக்குக் கொடுக்கலாமா? அல்லது பக்கத்து விளைக்காரர் கேட்கிறார், அவருக்கு லைசென்ஸ் உண்டு, விற்றுவிடலாமா? எதற்கு வேலை குறைவு?
(ஒரு வாசகர், தக்கலை)

பதில்: சாரே, இரண்டுக்கும் வேலை இருக்கிறது. மகனுக்கு என்றால் அதே 25-ஆம் விதிதான். லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, இதில் எது முந்துகிறதோ அப்போது, அவர் குறிப்பிடும் வாரிசுக்கு லைசென்ஸ் தரலாம். உங்களுக்கு வயதே போதும். மகன் பெயரில் லைசென்ஸ் வந்தபிறகு துப்பாக்கி கை மாறட்டும், முந்திக்கொண்டு கொடுக்காதீர்கள். மகனிடம் ஏற்கெனவே துப்பாக்கி உண்டா என்று பாருங்கள். முன்னால் ஒருவருக்கு 3 வரை அனுமதி. 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 தான். பரம்பரைத் துப்பாக்கிக்கும் இந்தக் கணக்கில் சலுகை இல்லை.

விற்பது என்றால், எல்லோரும் தப்புச் செய்வது இந்த இடத்தில்தான். இரண்டு பேருக்கும் லைசென்ஸ் இருக்கிறது, பிறகென்ன என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு கைமாற்றிவிடுகிறார்கள். திங்கட்கிழமை ஸ்டேஷனில் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு. சட்டம் தலைகீழாகச் சொல்கிறது. 5-ஆம் பிரிவின்படி, விற்கப் போகிறேன், இன்னாருக்கு, அவர் விலாசம் இது என்று ஆட்சியருக்கோ பக்கத்து ஸ்டேஷன் அதிகாரிக்கோ முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாள் ஆகவேண்டும். அதற்குப் பிறகுதான் விற்பனை. வாங்குகிறவர் யார், அவர் கைக்கு இது போகலாமா என்று போலீஸ் பார்த்துக்கொள்ளத்தான் அந்த 45 நாள். கல்யாணப் பேச்சில் பெண் வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்க அவகாசம் கேட்போமே, அந்த மாதிரி. எழுதிக் கொடுக்காமலோ நாள் முடியும் முன்போ விற்றால் 6 மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தைக் கேட்டுச் சிரிப்பு வரலாம். ஆறு மாதத்துக்கு வராது.

அந்த 45 நாள் முடிந்து விற்றபிறகு, உங்கள் லைசென்ஸிலிருந்து அந்த எண்ணை நீக்கவும் அவர் லைசென்ஸில் ஏற்றவும் இருவரும் விண்ணப்பம் கொடுங்கள். உங்கள் புத்தகத்தில் துப்பாக்கி இருந்து, கையில் இல்லாமல் போனால், அடுத்த தணிக்கையில் வட்டாட்சியர் கேட்கும்போது நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: களியக்காவிளையில் இருக்கிறோம். மகள் வீட்டோடு இருப்பதற்காக நெய்யாற்றின்கரைக்கு ஒரேயடியாக மாறப் போகிறோம். இருபது கிலோமீட்டர்கூட இல்லை. துப்பாக்கியையும் சாமானோடு லாரியில் ஏற்றிவிடலாமா?
(ஒரு வாசகர், களியக்காவிளை)

பதில்: சாமானோடு ஏற்றாதீர்கள். தூரம் இங்கே கணக்கில்லை, நடுவில் மாநில எல்லை இருக்கிறது. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் என்றால் இரண்டும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம், கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது உங்கள் லைசென்ஸில் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் செக்போஸ்ட்டைத் தாண்டிய நிமிஷம் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. முதலில் நம் ஆட்சியர் அலுவலகத்தில் பேசி, பரப்பை விரிவாக்கவோ எடுத்துச் செல்ல அனுமதிக்கவோ எழுதிக் கேளுங்கள். குடி மாறிய பிறகு 30 நாளுக்குள் புதிய இடத்து லைசென்ஸ் அதிகாரிக்கும் இங்கே கொடுத்தவருக்கும் தெரிவிக்க வேண்டும். ஆதாரில் விலாசம் மாற்றியது இதற்குச் செல்லாது. அதுவரை துப்பாக்கியை இங்கேயே ஸ்டேஷனிலோ வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கி வைப்பது நிம்மதி.

கேள்வி: அப்பாவின் துப்பாக்கிக்கு என் பெயரில் லைசென்ஸ் வந்துவிட்டது. இனி மரச்சீனியைத் தோண்டும் பன்றியைச் சுடலாம்தானே?
(ஒரு வாசகர், பேச்சிப்பாறை)

பதில்: கூடாது. துப்பாக்கி லைசென்ஸ் வேறு, காட்டு விலங்கைச் சுடும் அனுமதி வேறு. "பயிர்ப் பாதுகாப்புக்கு" என்று லைசென்ஸில் எழுதியிருந்தாலும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மேலே நிற்கிறது. பாறசாலைப் பக்கம் உறவுக்காரர்கள் சுடுகிறார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். கேரளத்தில் 2022-இல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் தந்தார்கள். லைசென்ஸ் உள்ளவர்களை வைத்துச் சுடவைக்கிறார்கள். அந்த ஏற்பாடு எல்லைக்கு அந்தப்புறம்தான். இங்கே வனத்துறைக்கு மனு கொடுங்கள், பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடும் கேளுங்கள். இரவெல்லாம் தகரம் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தப் பதில் எரிச்சலைத்தான் தரும் என்று எனக்குத் தெரியும். என் மாமாவும் அந்தத் துப்பாக்கியை வைத்து வானத்தைப் பார்த்து வெடித்ததுதான் அதிகம்.

கேள்வி: தேர்தலுக்கு ஒப்படைத்த துப்பாக்கியின் ரசீது தொலைந்துவிட்டது.
(ஒரு வாசகி, திங்கள்சந்தை)

பதில்: ஸ்டேஷன் பதிவேட்டில் இருக்கும், பயப்பட வேண்டாம். தேதியைக் குறிப்பிட்டு நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். துப்பாக்கியே தொலைந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். அன்றைக்கே புகார்.

கேள்வி: தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கி ஒன்று வைக்கோல்புரையில் கிடைத்தது. குழலில் மண் அடைத்து, கட்டை செல்லரித்துவிட்டது. கூடவே மலையாளத்தில் ஒரு பழைய காகிதம், திருவிதாங்கூர் முத்திரையோடு. இது லைசென்ஸா? சுவரில் அழகுக்கு மாட்டலாமா?
(ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி)

பதில்: அந்தக் காகிதம் லைசென்ஸாகவே இருந்தாலும் தாத்தா பெயருக்குத்தான், அதுவும் மறைந்துபோன ஒரு அரசாங்கம் கொடுத்தது. இன்றைக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் உங்களுக்கு வேறொரு வாசல் இருக்கிறது. படைக்கலச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பழைய பாணி ஆயுதமோ, தொல்பொருள் மதிப்புள்ளதோ, பழுதுபட்டதோ, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுடவே உதவாது என்றால், அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. கவனியுங்கள், ரிப்பேர் செய்தாலும். மண்ணைத் தட்டி, கட்டையை மாற்றினால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான். இந்தத் தச்சு வேலையைத் தெரிந்த ஆட்கள் நம் ஊரில் குறைவில்லை. அதனால் சுடுமா சுடாதா என்பதை நீங்களும் நானும் முடிவு செய்யக்கூடாது. கிடைத்த இடமும் நாளும் எழுதி ஸ்டேஷனில் தெரிவியுங்கள். பரிசோதித்து உதவாது என்று எழுத்தில் வந்தால் சுவரில் மாட்டுங்கள். அதுவரை ஆணி அடிக்க வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். அந்த மலையாளக் காகிதத்தைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கொடுத்துவிடும் முன், இதழின் முகவரிக்கு ஒரு நகல் அனுப்புங்கள். ஆறு வருஷத்தில் அப்படி ஒன்றை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், இரண்டையும் கறையான் தின்றிருந்தது.